முள்ளப்பா வருகிற காட்சி

பிரிவது என்று முடிவானதும் மற்றதெல்லாம் மளமளவென்று நடந்துவிட்டது. பிரிட்ஜ் அவளுக்கு, புத்தக அலமாரி அவருக்கு. கட்டில் அவளுக்கு, சாய்வு நாற்காலி அவருக்கு. அவளும் மகளும் வேறு வீட்டுக்குப் போவது, அவர் இதே வீட்டில் இருந்துகொள்வது. கல்யாணமான நாளிலிருந்து ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்கூட ஒத்துப்போகாத இரண்டு பேர், பிரிகிற விஷயத்தில் மட்டும் அப்படியொரு ஒற்றுமை. பார்க்கிறவர்கள் கண் பட்டுவிடும்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. வாலுவிடம் யார் சொல்வது?

வாலு அவர்களுடைய ஒரே மகள். இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒழுங்கான ஒரு பெயர் உண்டு. வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவாள்.

"நீங்க சொல்லுங்க," என்றாள் மனைவி. "அப்பா சொன்னா கேட்டுக்குவா."

"நீ சொல்றதுதான் சரி. அம்மா சொன்னா பக்குவமா இருக்கும்."

"வாயைத் திறந்தா எனக்குக் கோவம்தான் வரும். பக்குவத்துக்கு நான் எங்க போறது?"

"எனக்குப் பேச்சே வராது. உனக்குத் தெரியாததா?"

தெரியாமலா? அவருக்குப் பேச்சு வராது என்பதுதானே இந்தப் பிரிவுக்கே பாதிக் காரணம். ஒரு சண்டை வந்தால் மனுஷன் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு நாள்கணக்கில் உட்கார்ந்துவிடுவார். அவள் நேர் எதிர். அக்கம்பக்கம் கேட்கக் கத்தித் தீர்த்துவிட்டு, அடுத்த நிமிஷமே "டீ போடவா?" என்பாள். சுவரோடு சண்டை போட்டாலாவது எதிரொலி வரும் என்று அவளே பலமுறை சொல்லியிருக்கிறாள். இப்போது பூனைக்கு யார் மணி கட்டுவது என்று இரண்டு பேரும் அடுப்படியில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் எழுதிடறேன்," என்றார்.

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அதை நினைத்தால்தான் அவளுக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

'எழுதிடறேன்' என்றால் கடிதம் இல்லை. அவர் குழந்தைகளுக்கான ஒரு கார்ட்டூனுக்குக் கதை எழுதுகிறவர். 'முள்ளு வீடு' என்று பெயர். முள்ளம்பன்றிக் குடும்பம் ஒன்று: முள்ளப்பா, முள்ளம்மா, குட்டிமுள்ளு. கட்டிப்பிடிக்க ஆசைப்பட்டால் குத்திக்கொள்வார்கள், ஆகவே மூக்கோடு மூக்கு வைத்துத்தான் கொஞ்சிக்கொள்வார்கள். முள்ளம்மாவுக்குக் குரல் கொடுப்பது அவள். ஸ்டூடியோவில் டைரக்டரிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை எல்லாருக்கும் அவர் கதைக்காரர், அவள் முள்ளம்மா.

அந்த வீட்டில் ஒரு வினோதமான பழக்கம் வேரூன்றியிருந்தது. வாலுவிடம் நேருக்கு நேர் சொல்லக் கஷ்டமான எதையும் அவர்கள் நேரே சொல்வதில்லை, கார்ட்டூனில் வைத்துவிடுவார்கள். பல் தேய்க்க அடம் பிடித்தாளா, குட்டிமுள்ளுவின் பல்லில் புழு வந்தது. ஊசிக்குப் பயந்தாளா, குட்டிமுள்ளு, "என் முதுகு பூரா ஊசிதானே டாக்டர்!" என்று சிரித்தபடி ஊசி போட்டுக்கொண்டது. கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன் செத்தபோதுகூட, வேறு மீன் வாங்கிவிட்டு, ஒளிபரப்பாகும் வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. ஒளிபரப்பானது. வாலு எழுந்து போய்த் தொட்டியைப் பார்த்தாள். "இது அது இல்லையா?" என்றாள். அழுதாள், சாப்பிட்டாள், தூங்கினாள். பார்த்தாயா எவ்வளவு சுலபம் என்று பெற்றவர்கள் இருவரும் பூரித்துப் போனார்கள். பிள்ளைக்கு முன்னால் வாயைத் திறக்கத் துப்பில்லாதவர்கள் அதற்குக் கலை என்று பெயர் வைத்துக்கொண்டால் யார் என்ன செய்ய முடியும்?

இந்த முறையும் அதே வழிதான். முள்ளு வீடு இடம் மாறப் போகிறது. முள்ளம்மாவும் குட்டியும் ஏரிக்கரையில் ஒரு சின்னப் பொந்துக்குப் போகிறார்கள். முள்ளப்பா பழைய பொந்திலேயே தங்கிவிடுகிறார். யாரும் யாருக்கும் கெட்டவர் இல்லை. ஞாயிறுதோறும் முள்ளப்பா பார்க்க வருவார். அவ்வளவுதான் கதை. வண்டி பேசுவதற்குக்கூட அவர்கள் நல்ல நாள் பார்க்கவில்லை, ஒளிபரப்பு நாள் பார்த்தார்கள். முந்தின நாள் சாயந்தரம் வாலு பார்த்துத் தெரிந்துகொள்வாள், மறுநாள் காலையில் வண்டி வரும்.

பக்கங்களைக் கையில் வாங்கிப் படித்தபோது அவளுக்கு வயிறு எரிந்தது. குறை சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை. புறப்படுகிற காட்சியில் குட்டிமுள்ளு திரும்பிப் பார்த்து, "அப்பா கதவுகிட்டயே நிக்கிறாரேம்மா?" என்று கேட்கிறது. முள்ளம்மா குனிந்து, மூக்கோடு மூக்கு வைத்து, "அப்பா அங்கேயே இருப்பாரு," என்கிறாள். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஒரு முள்ளம்பன்றியை இவ்வளவு பதமாகப் பேச வைக்கத் தெரிந்த மனுஷன் கட்டினவளிடம் இப்படி ஒரு நாள், ஒரே ஒரு நாள் பேசியிருந்தால் வண்டிக்கே வேலை வந்திருக்காதே என்று நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் ஸ்டூடியோவில் முதலில் குரல், பிறகுதான் படம். குரலைக் கேட்டுக் கேட்டு அதற்குத் தகுந்தாற்போல வாயை வரைவார்கள். அவள் அந்த வரியை முதல் தடவையிலேயே சொல்லி முடித்தாள். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டு எஞ்சினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதத்தில் படம் தயாரானது. பார்த்துச் சரி சொல்ல சேனலிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். குழந்தைகள் மனசுக்கு எது ஆகும் எது ஆகாது என்று சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறவர்.

அந்த அம்மாள் படம் முடியும் வரை குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். முடிந்ததும் பேனாவை மூடினார்.

"ரொம்ப அழகா இருக்கு. ஆனா அப்பா வராம முடியக் கூடாது. சின்னப் பிள்ளைங்க பார்க்கிற நேரம், எத்தனை பிள்ளைங்க ராத்திரி தூங்காம அழும் தெரியுமா? அப்பா வரணும்."

"மேடம், கதையே அதுதானே…" என்று டைரக்டர் இழுத்தார்.

"கதை எங்க ஓடியா போகுது? ஒரே ஒரு காட்சி. கடைசியில அப்பா நடந்து வர்றாரு, கதவைத் தட்டுறாரு, முடிஞ்சது."

அவள் கணவரைப் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திறப்பார் என்று பார்த்தாள். அவர் கதை, அவர் பிள்ளை, அவர் வீட்டு விஷயம். கதைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "செய்யலாம் மேடம்," என்றார்.

அவளும் பேசியிருக்கலாம்தான். ஊரையே கூட்டுகிற தொண்டை. அன்றைக்குப் பார்த்து அதுவும் அடைத்துக்கொண்டது என்று சொன்னால் பொய். தொண்டை நன்றாகத்தான் இருந்தது. வேலைச் சிக்கல் ஒன்று முளைத்ததும் அவள் புத்தி அதன் பின்னால் ஓடிவிட்டது.

சிக்கல் இதுதான். முள்ளப்பா வருவதாக இருந்தால் முள்ளம்மாவின் வரியை மாற்ற வேண்டும். ஆனால் வாய் வரைந்தாகிவிட்டது. திரும்ப வரைய நாள் இல்லை. ஆகவே படத்தில் உதடு திறந்திருக்கிற இடத்தில் திறக்கிற எழுத்தும், மூடுகிற இடத்தில் மூடுகிற எழுத்தும் விழுகிற மாதிரி வேறு வரி வேண்டும். "அப்பா அங்கேயே இருப்பாரு" என்பதில் உதடு 'அப்பா'வில் ஒருமுறை ஒட்டும், நடுவில் திறந்தே கிடக்கும், 'இருப்பாரு'வில் மறுபடி ஒட்டும்.

"அப்பா பூட்டிட்டு வந்துருவாருன்னு வைப்போமே?" என்றார் டைரக்டர்.

சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை. 'பூ' என்னும்போது இவள் உதடு மூடுகிறது, படத்தில் வாய் ஆவென்று திறந்திருக்கிறது. படத்தில் மூடும்போது இவள் 'வந்துரு' என்று திறந்து வைத்திருக்கிறாள். கட்டை வண்டிக்குச் சைக்கிள் சக்கரம் மாட்டினாற்போல் இருந்தது. டைரக்டர் இன்னும் நாலு வரி சொன்னார். எதுவும் உட்காரவில்லை. சேனல் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருங்க," என்றாள் அவள். கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள். பிறகு மைக்குக்கு நேரே நிமிர்ந்து, "அப்பா சாத்திட்டுக் கெளம்புவாரு," என்றாள்.

அச்சு வார்த்தது போல் விழுந்தது. 'சாத்திட்டு' படத்தோடு திறந்தது, 'கெளம்பு' படத்தோடு மூடியது. சவுண்டு எஞ்சினியர், "பசை போட்ட மாதிரி ஒட்டுதுக்கா!" என்று கத்தினார். டைரக்டர் கை தட்டினார். சேனல் அம்மாள்கூட எழுந்து வந்து தோளில் தட்டிக்கொடுத்தார். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை வருஷ அனுபவம் சும்மாவா என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கடைசிக் காட்சிக்கும் புதிதாக வரைய வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. முன்பு ஒரு மழைக் கதைக்காக வரைந்த நடைக் காட்சி ஒன்று கையிருப்பில் இருந்தது. முள்ளப்பா குடை பிடித்துக்கொண்டு நடப்பார். குடையை அழித்துவிட்டு, வெயிலைப் போட்டு, நடையை அப்படியே ஒட்டிவிட்டார்கள்.

வேலை முடிந்து மாடிப்படி இறங்கும்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது.

"ஏங்க. வாலு இதைத்தானே பார்க்கப் போறா?"

அவர் படியிலேயே நின்றுவிட்டார். "ஆமால்ல," என்றார்.

இரண்டு மெத்தப் படித்தவர்கள். பிள்ளையிடம் உண்மையைச் சொல்ல என்று கிளம்பி, ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சாட்சி வைத்து, தங்கள் பிள்ளைக்கு ஒரு முழுப் பொய்யைத் தயார் செய்து முடித்துவிட்டு, 'ஆமால்ல' என்கிறார்கள்!

"அப்ப நாமளே சொல்லிடணும்," என்றாள்.

"ஆமா. சொல்லிடலாம்."

"யாரு?"

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க ஆரம்பித்தார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் சொல்லிக்கொள்வார் என்று அவள் இருந்தாள், இவள் சொல்லிக்கொள்வாள் என்று அவர் இருந்தார். நாள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அந்தச் சாயந்தரம் வந்தது. வீடு பூரா அட்டைப்பெட்டி. டிவியை மட்டும் கடைசியாகக் கட்டலாம் என்று விட்டு வைத்திருந்தார்கள். சோபாவுக்கு மேல் சமையல் சாமான் ஏறியிருந்ததால் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். நடுவில் வாலு. அவளுக்கு வீடு மாறுகிறோம் என்று தெரியும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போகிறோம், அவ்வளவுதான் சொல்லியிருந்தார்கள். புது வீட்டின் வாடகை ஒப்பந்தத்தில் அம்மா மட்டும் கையெழுத்துப் போட்டாள் என்பதெல்லாம் பிள்ளைக்கு எதற்கு?

படம் ஓடியது. குட்டிமுள்ளு திரும்பிப் பார்த்துக் கேட்டது. அவளுடைய சொந்தக் குரல் டிவியிலிருந்து வந்து, "அப்பா சாத்திட்டுக் கெளம்புவாரு," என்றது. என்ன கனிவு, என்ன நிச்சயம்! கேட்டால் அவளே நம்பிவிடுவாள் போல இருந்தது. தரையில் பதித்திருந்த பார்வையை அவள் எடுக்கவில்லை. கடைசியில் முள்ளப்பா ஏரிக்கரையோரம் நடந்து வந்து கதவைத் தட்டினார். பாட்டு வந்தது.

"இது மழைக் கதையில வந்த நடைப்பா," என்றாள் வாலு.

"என்னது?"

"கையைப் பாருங்க. குடை பிடிக்கிற மாதிரியே தூக்கி வெச்சுக்கிட்டு வர்றாரு. குடையை அழிச்சுட்டாங்க. அவரு இந்த வீட்டுக்கு வரவே இல்ல, அன்னிக்கு மழையில கடைக்குப் போனாருல்ல, அதேதான்."

கதைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. "அடி கள்ளி! சேனல்ல ஒருத்தருக்கும் தெரியல, நீ கண்டுபிடிச்சுட்டியே!" என்று மகள் தலையைக் கலைத்துவிட்டார். மனைவியும் சிரித்துவிட்டாள். பிள்ளை என்ன சொன்னாள் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு கெட்டிக்காரி என்பதைப் பார்த்துப் பூரித்தார்கள். ஆயிரம் கண் இருந்தும் பார்க்கத் தெரியாதவர்கள் என்று இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

வாலு டிவியை அணைத்தாள். ரிமோட்டைப் பெட்டிக்குள் போட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "நாளைக்கு நீங்க வண்டியில எங்ககூடவே வர்றீங்களா, சாத்திட்டுக் கெளம்புவீங்களா?" என்று கேட்டாள்.

இதோ வந்துவிட்டது என்று அவள் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சொல்லிவிடுங்கள், இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் மகள் முகத்தைப் பார்த்தார். பெட்டிகளைப் பார்த்தார்.

"சாத்திட்டு… கெளம்புவேன்மா," என்றார்.

அந்த நிமிஷம் கையில் கிடைத்ததை எடுத்து அவர் தலையில் போடலாம் போல் அவளுக்கு இருந்தது. ஆனால் அவள் செய்தது என்ன? "சரி சரி, வந்து சாப்பிடு, ஆறிடப் போகுது," என்றாள். அவருக்கு அவள் எந்த விதத்திலும் குறைந்தவள் இல்லை.

மறுநாள் வண்டி வந்தது. கட்டிலைக் கழற்ற, பிரிட்ஜை இறக்க என்று எல்லாவற்றுக்கும் அவர் கூடமாட நின்று கைகொடுத்தார். இத்தனை வருஷத்தில் ஒரு ஆணியைக்கூட அடிக்காதவர், மனைவியை வழியனுப்புகிற அன்றைக்கு அப்படி ஓடியாடி வேலை செய்தார். வாலு வண்டிக்குள் ஏறிக் கையாட்டினாள். அவர் கதவுகிட்டேயே நின்றார்.

புது வீடு மூன்றாம் மாடியில் இரண்டு அறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே டயர் கடை, நாள் பூரா காற்றடிக்கிற சத்தம். குழாயைத் திறந்தால் முதலில் இருமும், பிறகுதான் தண்ணீர். வாலு ஓடி ஓடித் தன் பொருள்களை அடுக்கினாள். வாசல் செருப்பு அலமாரியில் மேல்தட்டை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

"இது யாருக்குடி?"

"அப்பாவுக்கு. அவரு செருப்புதானே பெருசு."

கேட்டவள் குளியலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அழுதாள்.

முதல் ஞாயிறு அவர் வந்தார். புது வீடு பார்க்க வந்த விருந்தாளி மாதிரி பிஸ்கட் பொட்டலத்தோடு வாசலில் நின்றார். மகளோடு படம் வரைந்தார், கதை சொன்னார், இருட்டியதும் எழுந்தார். செருப்பை மேல்தட்டிலிருந்து எடுத்து மாட்டினார்.

"எங்கப்பா போறீங்க?"

"இன்னும் வீட்டைச் சாத்தி முடியலம்மா. சாத்திட்டு வரேன்."

அடுத்த ஞாயிறு பின்பக்க ஜன்னல் துருப்பிடித்து மூட மாட்டேன் என்றது. அதற்கடுத்த ஞாயிறு கொல்லைக் கதவின் சாவி உடைந்து உள்ளேயே மாட்டிக்கொண்டது. பூட்டுக்காரர் ஊரில் இல்லை. கதைக்காரர் இல்லையா? ஒவ்வொரு வாரமும் சரக்கு புதுசாக வந்தது. வாலுவும் விடாமல் கேட்டாள்: எந்த ஜன்னல், எந்தச் சாவி, எண்ணெய் போட்டுப் பார்த்தீர்களா? அவர் அசராமல் பதில் சொன்னார். மனைவியோடு பத்து வார்த்தை பேச நாக்கு எழாதவருக்கு ஜன்னலைப் பற்றிப் பேச எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை வார்த்தை.

ஸ்டூடியோவில் ஒருநாள் டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவரை மடக்கினாள்.

"எத்தனை நாளைக்குங்க ஜன்னல் சாத்துவீங்க? அது வீடா, அரண்மனையா?"

"மெதுவாப் பேசு. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். அவ தினமும் வாசல்ல சத்தம் கேட்டா எட்டிப் பார்க்கிறா. நெஞ்சு வெடிச்சுடும் போல இருக்கு எனக்கு. இந்த ஞாயித்துக்கிழமை சொல்லிடுங்க."

"அவ முகத்தைப் பார்த்தா வர மாட்டேங்குது." காகிதக் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். "நீ வேணா சொல்லிடு. சொல்லிட்டா… நான் கொஞ்ச நாள் வராம இருக்கிறதுதான் நல்லதுன்னு தோணுது. அவ அழுதுட்டு என்னைப் பார்த்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உக்கார்றது?"

"எத்தனை நாள் வராம இருப்பீங்க?"

"பார்க்கலாம். அவளுக்குப் பழகணும்ல."

அவளுக்குப் பழகணுமாம்! போதும் சாமி, இந்த மனுஷனை நம்பி இனி ஒரு நாளும் ஓட்ட முடியாது, நானே சொல்லித் தொலைக்கிறேன் என்று முடிவு கட்டினாள். கதை வேண்டாம், முள்ளம்பன்றி வேண்டாம், ஏரிக்கரை வேண்டாம். பெற்றவள் வாயால், பெற்றவள் குரலில்.

சனிக்கிழமை வாலுவுக்குத் தலை குளிப்பாட்டிவிட்டு, முடி உலரும் நேரத்தில் சிக்கெடுக்க உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்காமல் பேச அது வசதி. சீப்பு முடியில் மாட்டி மாட்டி வந்தது. எதிரே டயர் கடையில் யாரோ கத்திச் சிரித்தார்கள்.

"வாலு. அம்மா ஒண்ணு சொல்லணும். அப்பா…" என்றாள். ஒரு சிக்கை விடுவித்தாள். "அப்பா இங்க வந்து நம்மகூட இருக்க மாட்டாருடா. நானும் அப்பாவும் சேர்ந்து இருக்கிறதில்லைன்னு பேசி முடிச்சுட்டோம். அந்தப் படத்துல வந்தது பொய். அம்மாதான் அந்த வரியைப் போட்டேன். அம்மா பண்ணினது தப்பு."

மகள் திரும்பவில்லை.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ சொன்னதுதான். அந்த வீட்லயே தெரியும். ராத்திரி நீங்க சண்டை போடுறது கேக்கும்ல. அப்பா பேசவே மாட்டாரு, நீ பேசுறது மட்டும்தான் கேக்கும். பாதிதான் கேக்கும். அதுலயே எல்லாம் தெரிஞ்சுருச்சு."

சீப்பு அவள் கையிலேயே நின்றது. "அப்புறம் ஏண்டி கண்ணு ஒவ்வொரு வாரமும் கேக்குறே? ஜன்னல் சாத்தியாச்சா, சாவி கிடைச்சுதான்னு?"

"கேக்கலைன்னா அப்பாவுக்கு என்ன பேசுறதுன்னு தெரியாதும்மா. சும்மா உக்காந்திருப்பாரு." வாலு தன் கால் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள். "நான் நம்புறேன்னு நெனச்சுத்தான் அவரு வர்றாரு. தெரிஞ்சுருச்சுன்னு சொன்னா வர மாட்டாரு."

"அப்படியெல்லாம் இல்லடா…"

"வர மாட்டாரு," என்றாள் மகள். கோபமோ அழுகையோ இல்லாமல், கணக்குப் பாடத்தில் விடை சொல்வது போலச் சொன்னாள். "நீ சொல்லிடாதம்மா. ப்ளீஸ்மா. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம்."

இல்லை, உன் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். குவளையை உருட்டிக்கொண்டு நின்ற அந்தக் கைகள் ஞாபகம் வந்தன. கூலி வாங்கிக்கொண்டு எத்தனையோ பொய்யை எத்தனையோ குரலில் சொன்னவள், பிள்ளை முன்னால் அந்த ஒரு பொய்யைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். ஈர முடி முகமெல்லாம் ஒட்டியது. வாலு கொஞ்ச நேரம் விட்டுக் கொடுத்தாள். பிறகு, "வலிக்குதும்மா, சீப்பு குத்துது," என்று நகர்ந்துகொண்டாள்.

ஞாயிறு அவர் வந்தார். அன்றைக்கு மாடி ஜன்னலில் புறா கூடு கட்டிவிட்டதாம். முட்டை பொரிகிற வரை எப்படிச் சாத்துவது? "அய்யோ, பாவம்பா! சாத்தாதீங்க, குஞ்சு பறக்கட்டும்," என்று வாலு கண்ணை விரித்தாள். அவர் குஞ்சுக்கு என்ன நிறம், எத்தனை முட்டை என்றெல்லாம் விவரிக்க, அவள் வாயில் விரல் வைத்துக் கேட்டாள். அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, மகள் நடிப்பில் ஒரு இழைகூடப் பிசகவில்லை என்பதுதான் தாங்கவில்லை. அந்த வீட்டில் இருந்த ஒரே நிஜமான கலைஞர் அந்தப் பிள்ளைதான். அந்தத் தொழிலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்று யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

இருட்டியதும் அவர் கிளம்பினார். வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லிட்டியா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கேட்க வேண்டியதெல்லாம் தொண்டை வரை வந்து நின்றது. ஊரைக் கூட்டுகிற அந்தத் தொண்டை.

"இல்ல," என்றாள்.

"அவளுக்குச் சந்தேகம் எதுவும்…?"

"ஒண்ணும் இல்ல. நம்பிக்கிட்டுத்தான் இருக்கா."

அவர் மூச்சை விட்டார். தோள் தளர்ந்தது. "நல்லவேளை," என்றார். "சரி. அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை வந்துடறேன்."

செருப்புச் சத்தம் படிகளில் இறங்கித் தேய்ந்தது. அவள் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். வாலு தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சொன்னாரு?"

"அடுத்த வாரம் வர்றேன்னு சொன்னாரு."

"பார்த்தியா," என்றாள் வாலு, நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே.